கொச்சியும் கன்பூசியசும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தென்னிந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நிலவிய கடல்வழித் தொடர்பு குறித்துப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வணிகப் பொருள்களையே முதன்மைப்படுத்துகின்றன. பட்டு, பீங்கான், மிளகு, காசு ஆகியவற்றின் போக்குவரத்து ஓரளவு தெளிவாக அறியப்பட்டுள்ளது. அப்பொருள்களோடு கருத்துகளும் கடல் கடந்தனவா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. பௌத்தம் இங்கிருந்து அங்குச் சென்றது அனைவரும் அறிந்ததே. அங்கிருந்து இங்கு வந்த சிந்தனை எது என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்களே இதற்குச் சான்று. சீனச்சட்டி, சீனி, சீனாக்காரம், சீனப்பட்டு, சீனபரணி, சீனவலை எனச் ‘சீன’ என்னும் அடையேற்ற சொற்கள் எல்லாம் பொருட்பெயர்களாகவே உள்ளன. கருத்தைக் குறிக்கும் சொல் ஒன்றும் அவற்றுள் இல்லை. கொச்சிக் காயலில் உள்ள வல்லார்பாடம், வைப்பின் முதலிய தீவுகளின் கரைகளில் இன்றும் சீனவலைகள் நிற்கின்றன. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் தரையில் 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நீலவண்ணப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. பொருள் வந்தமைக்குச் சான்று கண்முன் இருக்கிறது.

சீனச் சிந்தனையின் தலைமகனாகக் கருதப்படும் கன்பூசியசின் அறக்கோட்பாடு கொச்சித் துறையை இருமுறை தொட்டது. முதன்முறை, 1416-இல் சீனப் பேரரசர் கொச்சி மன்னருக்கென எழுதிய கல்வெட்டு உரையின் வழியாக அது வந்தது. இரண்டாம் முறை, 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்ற இத்தாலியத் துறவி ஒருவர் வழியாக ஐரோப்பா செல்லும் பாதை திறந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் கன்பூசியசின் வாழ்வோடும் கோட்பாட்டோடும் இணைத்து நோக்குவதும், கொச்சிக்கு வந்தது அறமா, அறத்தின் பெயரால் பேசிய அதிகாரமா என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கன்பூசியசின் வாழ்வு

கன்பூசியசு என்பது இலத்தீன் வடிவம். ‘குங் ஃபூட்சு’ என்னும் சீன மதிப்புப் பெயரை ஏசு சபையினர் இலத்தீன் மொழிக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். அவருடைய குடிப்பெயர் குங், இயற்பெயர் சியூ. இன்றைய சாண்டோங் மாநிலத்தில் சூஃபூ நகரை ஒட்டி அமைந்திருந்த லூ நாட்டில் கி.மு. 551-இல் பிறந்தார் என்பது மரபு. தந்தை போர்வீரர், மகனின் இளம்பருவத்திலேயே இறந்தார். தாயின் வளர்ப்பில் வறுமையோடு வளர்ந்த அவர், களஞ்சியக் கணக்கு, கால்நடை மேற்பார்வை போன்ற சிறு பணிகளைச் செய்து வாழ்ந்தார். பதினைந்தாம் அகவையில் கல்வியில் உள்ளம் செலுத்தியதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

அவர் வாழ்ந்த காலம் சௌ அரசமரபின் நடுவண் அதிகாரம் தளர்ந்து, குறுநில மன்னர்கள் ஒருவரோடொருவர் பொருத காலமாகும். லூ நாட்டிலேயே மன்னரை ஒதுக்கிவைத்து மூன்று உயர்குடிகள் ஆண்டன. பெயரளவில் அரசர் ஒருவர், செயலளவில் ஆள்பவர் வேறொருவர் என்னும் இந்நிலையே அவருடைய சிந்தனைக்கு நிலைக்களனாயிற்று. ஐம்பதாம் அகவையை ஒட்டி லூ நாட்டில் நீதித்துறை அமைச்சர் பொறுப்பை ஏற்றார். அண்டை நாடான சீ அனுப்பிய ஆடல் மகளிரில் ஆள்வோர் மூழ்கி அரசவைக் கடமைகளை மறந்தமையால் அவர் பதவி துறந்ததாகக் கி.மு. முதல் நூற்றாண்டில் நிறைவெய்திய சூமா சியெனின் வரலாற்று நூல் கூறுகிறது.

கி.மு. 497-இல் நாடு நீங்கிய அவர் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வெய், சோங், சென், ட்சாய் முதலிய நாடுகளில் அலைந்தார். தம் அறிவுரையை ஏற்கும் மன்னர் ஒருவரைத் தேடிய பயணம் அது. அத்தகைய மன்னர் எவரும் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் உணவின்றி வருந்தினார். வேறோரிடத்தில் உயிருக்கே இடர் நேர்ந்தது. கி.மு. 484-இல் ஊர் திரும்பியபின் எஞ்சிய நாள்களைக் கற்பித்தலில் கழித்தார். மகனும், அன்புக்குரிய மாணவரான யென் ஹுயியும் அவருக்கு முன்பே இறந்தனர். கி.மு. 479-இல் அவர் மறைந்தபோது, தம் வாழ்வு தோல்வியில் முடிந்ததாகக் கருதியிருத்தல் கூடும். அவருடைய பெயரால் பேரரசுகள் பிற்காலத்தில் ஆட்சி நடத்தின. அவரோ தம் வாழ்நாளில் எந்த அரசையும் தம் வழிக்குக் கொண்டுவர இயலாதவர். இம்முரண் கருத்தில் கொள்ளத்தக்கது.

அறக்கோட்பாடு

கன்பூசியசு நூல் எதனையும் எழுதினார் என உறுதியாகக் கூறுவதற்கில்லை. அவரும் மாணவரும் உரையாடியவற்றை மாணவர்களும் அவர்வழி வந்தோரும் தொகுத்த ‘லுன் யூ’ என்னும் நூல் இருபது பகுதிகளாக அமைந்துள்ளது. ‘கவித்தொகை’ எனப்படும் தொன்மையான பாடல் தொகுப்பை அவர் தொகுத்ததாகவும் மரபு கூறும். இத்தொகுப்பின் பாடல்கள் சில ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்னும் தலைப்பில் பயணியின் மொழிபெயர்ப்பில் சீனத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்துள்ளன.

அவருடைய கோட்பாட்டின் மையம் ‘ரென்’ என்பதாகும். மனிதம், அன்புடைமை, அருள் என இதனைத் தமிழில் குறிக்கலாம். ஆயினும் ஒரு சொல்லில் இது அடங்குவதன்று. தனக்கு வேண்டாததைப் பிறர்க்குச் செய்யாமை இதன் எளிய அளவுகோல். இரண்டாவது ‘லீ’. சடங்கு என இச்சொல்லைப் பெயர்ப்பது முழுமையாகாது. வழிபாடு முதல் வணக்கம் கூறுதல் வரை மனிதரை மனிதரோடு பிணைக்கும் ஒழுகலாறு அனைத்தையும் இது தழுவும். அன்பு இல்லாத ஒழுகலாறு வெற்று நடிப்பு என்பதும், ஒழுகலாறு இல்லாத அன்பு நிலைபெறாது என்பதும் அவர் கருத்து.

மூன்றாவது, பெயர்களைச் செம்மைப்படுத்துதல். அரசன் அரசனாகவும் தந்தை தந்தையாகவும் நடந்தாலன்றி அப்பெயர்களுக்குப் பொருளில்லை. அரசன் என்னும் பெயர் உரிமையை மட்டும் தருவதன்று, கடமையையும் சுமத்துவது. லூ நாட்டின் அன்றைய நிலையை எண்ணுவோர்க்கு இக்கருத்தின் கூர்மை விளங்கும். நான்காவது, ‘சுன்ட்சு’ என்னும் சொல்லுக்கு அவர் தந்த புதுப்பொருள். கோமகன் எனப் பிறப்பைக் குறித்த இச்சொல்லை அவர் ஒழுக்கத்தால் உயர்ந்தவனைக் குறிப்பதாக மாற்றினார். கல்வி கற்க வருவோரிடையே அவர் குடிவேறுபாடு பாராட்டவில்லை.

இக்கோட்பாடு ஏட்டளவில் நிற்காமையை இரு செய்திகள் புலப்படுத்தும். குதிரை லாயம் தீப்பற்றியபோது, மனிதர் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்று மட்டும் வினவிய அவர் குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை என லுன் யூ குறிக்கிறது. பின்னாளில் தொகுக்கப்பட்ட ‘லீ சி’ என்னும் நூல் மற்றொன்றைக் கூறும். மலையடிவாரத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணொருத்தி, மாமனாரையும் கணவனையும் மகனையும் புலிக்குப் பறிகொடுத்தவள். ஏன் இவ்விடத்தை விட்டு நீங்கவில்லை எனக் கேட்டபோது, இங்குக் கொடுங்கோல் இல்லை என அவள் விடை பகர்ந்தாள். கொடிய அரசு புலியினும் அஞ்சத்தக்கது எனத் தம் மாணவர்களுக்கு அவர் உரைத்தார். இக்கதை பின்னர் நமக்குப் பயன்படும்.

பேரரசின் நெறியாதல்

மென்சியசு, சுன்ட்சு ஆகியோர் கன்பூசியசின் சிந்தனையை இருவேறு திசைகளில் வளர்த்தனர். கி.மு. 213-இல் சின் பேரரசர் பழைய நூல்களை எரிக்க ஆணையிட்டார். ஆன் மரபின் பேரரசர் வூ கி.மு. 136-இல் ஐந்து செவ்வியல் நூல்களுக்கெனக் கல்வியாளர் பதவிகளை அமைத்தார், கி.மு. 124-இல் பேரரசுக் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. எந்த மன்னரும் ஏற்காத ஆசிரியரின் நெறி அரசின் நெறியாயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் சூ சி (1130–1200) ‘நான்கு நூல்கள்’ எனச் சிலவற்றைத் தனியே தொகுத்து உரை வகுத்தார். அவ்வுரை மங்கோலியர் ஆட்சியில் 1313-ஆம் ஆண்டு ஆணையால் அரசுத் தேர்வுக்குரிய பாடமாயிற்று. அத்தேர்வு முறை 1905-இல் நீக்கப்படும் வரை நீடித்தது.

அரசின் நெறியானபோது அதனுள் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. கன்பூசியசின் பேச்சில் அறம் என்பது ஆள்வோனை அளக்கும் கோல். பேரரசின் பேச்சில் அதே அறம் ஆள்வோனிடம் முன்பே அமைந்துவிட்ட பண்பாகக் கூறப்பட்டது. அளவுகோல் அணிகலனாக மாறிய இந்த இடமே கொச்சிக் கல்வெட்டைப் புரிந்துகொள்ளுதற்குத் திறவுகோல் ஆகும்.

கொச்சிக்கு எழுதப்பட்ட கல்வெட்டு

பெரியாற்றில் 1341-இல் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்தது என்பது வழக்கு. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் கொச்சி சீனர் அறிந்த துறையாகிவிட்டது. மிங் பேரரசர் யோங்லே அரியணை ஏறிய மறு ஆண்டான 1403-இல் யின் சிங் என்னும் தூதர் மலாக்காவுக்கும் கொச்சிக்கும் அனுப்பப்பட்டார். 1405 முதல் 1433 வரை செங் ஹோ தலைமையில் ஏழுமுறை புறப்பட்ட கப்பற்படைகளும் இத்துறைக்கு வந்தன.

கொச்சி மன்னர் தம் தூதர் வழியாக அரச முத்திரை வேண்டியதாகவும், பேரரசர் அதனை வழங்கியதோடு அந்நாட்டு மலையொன்றுக்கு ‘நாட்டைக் காக்கும் மலை’ என்னும் பெயரளித்துக் கல்லில் பொறிக்க உரையொன்றைத் தாமே இயற்றியதாகவும் மிங் வரலாறு கூறும். இது 1416-இல் நிகழ்ந்தது. செங் ஹோ அதனைத் தம் ஐந்தாம் பயணத்தில் கொண்டுவந்தார். இத்தகைய சிறப்பு மலாக்கா (1405), சப்பான் (1406), புருணை (1408), கொச்சி (1416) ஆகிய நான்கு நாடுகளுக்கு மட்டுமே கிடைத்தது. கல் இன்று கொச்சியில் இல்லை. அதன் உரை சீன ஆவணங்களில் நிலைத்துள்ளது.

அவ்வுரையின் கருத்தைப் பின்வருமாறு சுருக்கலாம். பேரரசரின் நற்பண்பு வானும் நிலமும்போல எல்லையின்றிப் பரவுகிறது. உள்நாட்டார், அயல்நாட்டார் என்னும் வேறுபாடு அவருக்கில்லை. தொலைவில் கடலோரத்தில் அமைந்த கொச்சி நெடுநாளாகச் சீனத்தின் நாகரிகத்தை விரும்பி வந்துள்ளது. அந்நாட்டினர் தம் நாட்டில் பல்லாண்டுகளாக விளைச்சல் பெருகியுள்ளதாகவும், உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை எனவும், முதியோர் இளையோரிடம் பரிவு காட்ட இளையோர் முதியோரை மதித்து வாழ்வதாகவும், ஒருவரையொருவர் ஒடுக்கும் வழக்கம் இல்லை எனவும், மலையில் கொடுவிலங்குகளும் நீரில் தீய மீன்களும் இல்லை எனவும், மழையும் காற்றும் பருவம் தவறுவதில்லை எனவும் கூறி, இவை யாவும் சீனப் பேரரசரின் பண்பால் விளைந்தவை என மொழிந்தனராம். பேரரசரோ தம் பண்பு அத்துணைச் சிறந்ததன்று எனப் பணிவோடு மறுத்து, அந்நாட்டை ஆள்வோரால் விளைந்த நலம் அது என விடையிறுத்து, முத்திரையும் மலைப்பெயரும் வழங்குகிறார்.

இவ்வுரையில் கன்பூசிய மரபின் அடிப்படைக் கூறுகள் யாவும் உள்ளன. ஆள்வோனின் அறத்தால் இயற்கையும் முறைப்படும் என்னும் நம்பிக்கை, முதியோர் இளையோர் உறவே நாட்டின் நலத்துக்கு அளவு என்னும் கருத்து, படையால் அன்றிப் பண்பால் தொலைவில் உள்ளோரை ஈர்த்தல் என்னும் கொள்கை ஆகியன அவை. இவ்வுரைக்கு ஓராண்டு முன்னர், 1415-இல், இதே பேரரசரின் ஆணையால் நான்கு நூல்கள், ஐந்து செவ்வியல் நூல்கள் ஆகியவற்றின் உரைப் பெருந்தொகுப்புகள் நிறைவெய்தின என்பது இங்கு இணைத்து எண்ணத்தக்கது. சீனத்துக்குள் மாணவர்க்குக் கன்பூசிய நெறியை வரையறுத்தவரே கடலுக்கு அப்பால் கொச்சிக்கும் அந்நெறியின் மொழியில் எழுதினார். ஆகவே கன்பூசியச் சிந்தனை அரசு ஆவணமாகத் தென்னிந்தியக் கரையை நோக்கி வந்த தெளிவான நிகழ்வு இது எனலாம்.

கல்வெட்டு கூறாதவை

இவ்வுரையை எழுதியவர் யார் என்பதையும் மறத்தலாகாது. யோங்லே தம் அண்ணன் மகனை வீழ்த்தி 1402-இல் அரியணையைக் கைப்பற்றியவர். தம் முடிசூட்டு அறிக்கையை எழுதித்தருமாறு ஃபாங் சியாவ்ரூ என்னும் கன்பூசிய அறிஞரைப் பணித்தார். அவர் மறுத்தார், கொல்லப்பட்டார், அவருடைய சுற்றத்தாரும் மாணவரும் அழிக்கப்பட்டனர். பெயரைச் செம்மைப்படுத்தவேண்டும் என்னும் ஆசானின் சொல்லை உயிர் கொடுத்துக் காத்தவர் ஃபாங். அவரைக் கொன்றவர் அதே ஆசானின் மொழியில் கொச்சிக்கு எழுதினார். செங் ஹோவின் முதற்பயணத்தில் ஏறத்தாழ 27,000 பேர் சென்றனர். 1411-இல் முடிவுற்ற மூன்றாம் பயணத்தில் இலங்கை ஆட்சியாளர் அழகக்கோனார் சிறைப்பிடிக்கப்பட்டுச் சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அறத்தால் ஈர்த்தல் என்னும் சொல்லின் பின்னே படைக்கலமும் நின்றது.

இரண்டாவதாக, கல்வெட்டு வரையும் கொச்சியும் கண்டவர் எழுதிய கொச்சியும் ஒன்றல்ல. செங் ஹோவின் படைகளோடு மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் கொச்சியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவருடைய நூலின் முதல் முன்னுரை 1416-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்வெட்டின் ஆண்டும் அதுவே. கொச்சி மன்னரை அவர் ‘சோலி’ மரபினர் எனக் குறிப்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது. அந்நாட்டு மக்களை அவர் ஐந்து பிரிவினராகப் பகுக்கிறார். உயர்குடியினர், முசுலிம்கள், ‘செட்டி’ எனப்படும் செல்வர், ‘கெலிங்’ எனப்படும் தரகர் ஆகியோர்க்குப்பின் இறுதியாக ‘மூகுவா’ என ஒரு பிரிவைச் சுட்டுகிறார். முக்குவர் என்னும் மீனவரே இவர்.

கடலோரத்தில் வாழும் அவர்களுடைய குடிசையின் இறவாணம் மூன்றடிக்கு மேல் உயர்தல் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. அவர்கள் உடுக்கும் உடைக்கும் வரம்பு இருந்தது. வழியில் உயர்குடியினரையோ செட்டிகளையோ எதிர்ப்பட்டால் தரையில் படிந்து, அவர்கள் கடந்துசென்றபின்னரே எழுந்து நடக்கவேண்டும். மீன்பிடித்தலும் சுமை தூக்குதலுமே அவர்களின் தொழில். ஒடுக்குதல் இல்லாத நாடு எனக் கல்லில் எழுதப்பட்ட அதே காலத்தில், அதே நாட்டில், மீனவர் மண்ணில் விழுந்து கிடந்ததை அதே பேரரசரின் பணியாளர் ஒருவர் தம் கண்ணால் கண்டு எழுதினார்.

மலையில் கொடுவிலங்கு இல்லை என்னும் கல்வெட்டுத் தொடரை இங்குப் புலியின் கதையோடு வைத்து நோக்குதல் வேண்டும். கன்பூசியசின் கதையில் புலி இருந்தது, கொடுங்கோல் இல்லை. கல்வெட்டில் புலி இல்லை, கொடுமை பேசப்படவில்லை. கன்பூசியசு கேட்டிருக்கக்கூடிய வினாவைக் கேட்டவர் பேரரசர் அல்லர். மூன்றடி உயரக் குடிசையைக் குறித்துவைத்த மா ஹுவானே லாயத்தில் மனிதரை வினவிய ஆசானுக்கு அணுக்கமானவராகத் தோன்றுகிறார். அவர் முசுலிம் என்பதும் இங்கு அறியத்தக்கது.

இதனைக் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டோடு ஒப்பிடலாம். 1409-ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல்லும் யோங்லே பேரரசரின் பெயரால் செங் ஹோ கொண்டுவந்ததே. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபையும் முன்னிட்டுக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. அங்குப் பேரரசு கேட்போரின் மொழியில், கேட்போரின் தெய்வத்தின் பெயரால் பேசிற்று. கொச்சியிலோ தன் நெறியை முன்வைத்துத் தன் நோக்கில் பேசிற்று. காலிக் கல் தமிழ் பேசியதால் நம் ஆய்வுலகில் இடம்பெற்றது. கொச்சி உரை அத்துணைக் கவனம் பெறாமைக்கு அது தமிழிலோ மலையாளத்திலோ பேசாமையும் ஒரு காரணம் ஆகலாம்.

கொச்சியிலிருந்து தொடங்கிய பாதை

கன்பூசியசு கொச்சியைத் தொட்ட இரண்டாம் நிகழ்வு போர்த்துக்கேயர் காலத்தது. 1578 செப்டம்பரில் கோவா வந்திறங்கிய ஏசு சபையினருள் மத்தேயோ ரிச்சி (1552–1610), மிக்கேலே ருஜ்ஜியேரி ஆகிய இருவர் இருந்தனர். ருஜ்ஜியேரி தென்னிந்தியக் கடற்கரைப் பணிக்கென அனுப்பப்பட்டுத் தமிழ் கற்கத் தொடங்கினார். விரைவில் மொழி கற்கும் அவருடைய ஆற்றல் கருதி 1579-இல் மக்காவுக்கு மாற்றப்பட்டார். ரிச்சி உடல்நலக் குறைவால் கொச்சிக்கு அனுப்பப்பட்டார். 1580-இல் அவர் கொச்சியிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. அவ்வாண்டு சூலையில் கொச்சியிலேயே குருப்பட்டம் பெற்றார்.

தமிழ் அச்சு வரலாறு அறிந்தோர்க்கு இவ்வாண்டுகள் மிகவும் நெருக்கமானவை. அண்டிரிக்கி அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்திலும், ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579 நவம்பரில் கொச்சியிலும் அச்சேறின. கொச்சியின் ஏசு சபைக் கல்லூரியில் தமிழ் எழுத்து அச்சானதற்கும் ரிச்சி குருப்பட்டம் பெற்றதற்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. உள்நாட்டு மொழியைக் கற்று அம்மொழியிலேயே நூல் செய்தல் என்னும் முறை தமிழ்க் கடற்கரையில் முதலில் செயற்பட்டுப் பின்னரே சீனத்தில் விரிந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேரே பிறந்தது எனக் கொள்ளாவிடினும், இரண்டும் ஒரே சூழலில் வளர்ந்தவை எனக் கொள்ளுதல் தவறாகாது.

ருஜ்ஜியேரியும் ரிச்சியும் 1583-இல் சீனத்துக்குள் சென்று தங்கினர். ருஜ்ஜியேரி நான்கு நூல்களுள் ஒன்றான ‘பெருங்கல்வி’யின் தொடக்கத்தை இலத்தீனில் பெயர்த்தார், 1593-இல் உரோமையில் அது அச்சாயிற்று. ரிச்சி நான்கு நூல்களையும் பயின்று இலத்தீனில் பெயர்க்க முயன்றார். 1595 முதல் சீன அறிஞரின் உடையை அணிந்தார். அவர்வழி வந்தோரின் நூற்றாண்டு உழைப்பு 1687-இல் பாரிசில் வெளிவந்த ‘சீனரின் மெய்யியலாளர் கன்பூசியசு’ என்னும் இலத்தீன் நூலாக நிறைவெய்தியது. லைப்னிட்சு, வோல்தேர் முதலியோர் கன்பூசியசை அறிந்த வழி இது. சமய வெளிப்பாட்டைச் சாராத அறம் இயலும் என்பதற்கு ஐரோப்பிய அறிவொளிக் காலத்தினர் அவரைச் சான்றாகக் காட்டினர். கன்பூசியசின் சொல்லை ஐரோப்பிய மொழியில் முதலில் அச்சேற்றியவர் அதற்கு முன் தமிழ் பயின்றவர் என்பதும், அவர் பெயரை உலகறியச் செய்தவர் கொச்சியில் குருவானவர் என்பதும் தமிழாய்வாளர் குறித்துக்கொள்ளவேண்டிய செய்திகள்.

மதுரையும் பீகிங்கும்

ரிச்சி சீனத்தில் மேற்கொண்ட முறையை இராபர்ட் தெ நொபிலி தமிழகத்தில் மேற்கொண்டார். கொச்சி வழியாக 1606-இல் மதுரை சேர்ந்த அவர் காவியும் பூணூலும் ஏற்றார். கன்பூசியசையும் முன்னோரையும் வணங்குதல் குடிமை ஒழுகலாறே. சமயமன்று என ரிச்சி வாதிட்டார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே என நொபிலி வாதிட்டார். எது ‘லீ’, எது வழிபாடு என்னும் வினா இரு நாடுகளிலும் ஒருசேர எழுந்தது.

விடையும் ஒரே கையால் வந்தது. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1703-இல் புதுச்சேரியில் இறங்கி, 1704-இல் தமிழகச் சடங்குகளைத் தடைசெய்துவிட்டுச் சீனத்துக்குப் புறப்பட்டார். சீனச் சடங்குகளுக்கான இறுதித் தடை 1742-இலும் மலபார்ச் சடங்குகள் பற்றிய ஆணை 1744-இலும் பிறப்பிக்கப்பட்டன. சீனச் சடங்குகள் மீதான தடை 1939-இல் தளர்ந்தது. 1940-இல் மலபார்ச் சடங்குகள் குறித்த உறுதிமொழியும் நீக்கப்பட்டது. இரு பூசல்களும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். ஆயினும் ஒரு வேற்றுமையைச் சுட்டவேண்டும். ரிச்சி ஏற்ற அறிஞர் உடை தேர்வால் பெறுவது; நொபிலி ஏற்ற பூணூல் பிறப்பால் பெறுவது. பிறப்பை ஒழுக்கமாக மாற்றிய கன்பூசியசின் சொல்லாட்சி இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.

குறளும் லுன் யூவும்

திருக்குறளையும் கன்பூசியசையும் ஒப்பிடும் போக்கு தமிழில் புதியதன்று. கொடுங்கோல் மன்னனை வழிப்பறிக் கள்வனோடு வள்ளுவர் ஒப்பிட, கன்பூசியசு புலியோடு ஒப்பிட்டார். பிறர்க்கு இன்னா செய்யாமை, கல்வி, நட்பு, சொல்லும் செயலும் ஒத்தல் ஆகியவற்றில் இருவரும் உடன்படுகின்றனர். இந்த ஒப்புமைகளின் மகிழ்ச்சியில் வேற்றுமைகளை மறத்தல் ஆய்வுக்கு உகந்ததன்று. கன்பூசியசு குடும்ப உறவில் தொடங்கி அரசுக்கு விரிகிறார். துறவுக்கு அவரிடம் இடமில்லை. வள்ளுவர் இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே வைத்து, காமத்துப்பாலையும் அறத்தின் வரிசையில் சேர்க்கிறார். கன்பூசியம் அரசின் தேர்வுப்பாடமாயிற்று. குறள் எந்தப் பேரரசின் சட்டமும் ஆகவில்லை. ஆதலால் அது அளவுகோலாகவே எஞ்சியது எனலாம்.

இலத்தீன் வழியாக ஐரோப்பா சென்ற வரலாற்றிலும் இரு நூல்களுக்கும் ஒப்புமை உண்டு. வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 18-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தார். அண்மைக் காலத்தில் தைவான் கவிஞர் யூ சி குறளைச் சீனத்தில் தந்துள்ளார். சிங்கப்பூரில் 1984 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை உயர்நிலைப் பள்ளிகளில் சமயப் பாடத்தின் ஒரு பிரிவாகக் கன்பூசிய அறநெறி கற்பிக்கப்பட்டது. இந்து சமயம், இசுலாம், பௌத்தம், கிறித்தவம், சீக்கியம் ஆகியவை உடனிருந்த பாடங்கள். அரசு அறத்தைக் கற்பிக்க முற்படும்போது எழும் பழைய வினா அங்கும் எழுந்தது. 1989-இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. சீனத்திலோ 1919-ஆம் ஆண்டு இயக்கத்தினரும் 1973–74-ஆம் ஆண்டுப் பரப்புரையினரும் கன்பூசியசைப் பழமையின் அடையாளமாகச் சாடினர். 2004 முதல் அவர் பெயரால் அயல்நாடுகளில் மொழிக்கல்வி நிறுவனங்களை அந்நாட்டு அரசே தொடங்கியது. அவரைச் சாடியதும் போற்றியதும் பெரும்பாலும் அரசியலே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

சீனத்திலிருந்து தென்னிந்தியக் கரைக்குப் பொருள்கள் மட்டுமே வந்தன என்னும் கருத்து முழுமையானதன்று. 1416-ஆம் ஆண்டுக் கொச்சி உரை கன்பூசியக் கருத்து அரசு வடிவில் இக்கரையை நோக்கி வந்தமைக்குச் சான்றாகும்.

அவ்வாறு வந்தது ஆள்வோரை அளக்கும் கன்பூசியம் அன்று. ஆள்வோரைப் போற்றும் கன்பூசியம். ஆகவே அது இம்மண்ணில் சொல்லாகவோ சிந்தனையாகவோ வேரூன்றவில்லை.

கன்பூசியசு ஐரோப்பாவுக்கு அறிமுகமான பாதையில் கொச்சிக்கும் தமிழ்க் கல்விக்கும் இடம் உண்டு. தமிழ் அச்சு வரலாற்றையும் சீனவியலின் தொடக்கத்தையும் இணைத்து ஆராய்தல் பயன்தரும்.

கொச்சிக் காயலின் வல்லார்பாடத்தில் 2011 பிப்ரவரியில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் தொடங்கப்பெற்றது. செங் ஹோவின் கலங்கள் வந்த நீர்ப்பரப்பில் மீண்டும் பெருங்கலங்கள் வந்துசெல்கின்றன. அம்முனையத்துக்கான சாலை, தொடர்வண்டிப் பாதைப் பணிகளுக்காக 2008-இல் மூலம்பிள்ளி முதலிய ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களின் மறுவாழ்வுக்கான போராட்டம் முனையம் திறந்தபின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது. திறப்புவிழாக் கல்வெட்டுகள் எக்காலத்திலும் நாட்டின் வளத்தையே கூறும். துறையின் செழிப்பைப் பேசும் கல் ஒன்று, குடிசையின் உயரத்தைக் குறிக்கும் ஏடு ஒன்று என 1416-இல் கிடைத்த இருவகைச் சான்றுகளும் இன்றும் தேவைப்படுகின்றன. வரலாறு எழுதுவோர் கல்லைப் படிப்பதோடு அமையாமல், லாயம் எரிந்தபோது அந்த ஆசான் கேட்ட வினாவையும் கேட்டல் வேண்டும்.